இடது காதுக்குச் சாட்சி

நீங்கள் கேள்விப்பட்டது எங்கள் அப்பாவைப் பற்றித்தான் அக்கா. ஆபரேஷனில் ஒருத்தருக்குக் காது போய்விட்டதாம் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்களே, அந்த ஒருத்தர் எங்கள் அப்பா. இப்போது அந்த அறைக்குள்தான் இருக்கிறார். கூட எங்கள் மாமா இருக்கிறார். நான் பையை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போவதாக நீங்கள் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, பெஞ்சு சின்னது, அவ்வளவுதான். அவருக்கும் எங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய்தானே? டோக்கன் வாங்கப் போனாரே, அப்போதே பார்த்தேன். கண்ணுக்குக் கீழே புழு நெளிகிற மாதிரி ஆரம்பிக்கும், அப்புறம் கண் மூடும், கன்னம் சுருங்கும், வாய் ஒரு பக்கமாக இழுக்கும். என் சுபாவம் அப்படி அக்கா. பேச மாட்டேன், பார்த்துக்கொண்டே இருப்பேன். காலேஜில் மூன்று வருஷம் படித்தேன், என் குரலைக் கேட்காத வாத்தியார்கள் உண்டு.

கூட்டிப்போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆபரேஷன் தியேட்டரில் உட்கார்ந்து காதைக் கவனிக்கிற பெண் பெனிட்டா நன்றாக வேலை தெரிந்தவள். அவளை நம்பி ஆளைக் கொடுக்கலாம். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

உன் அப்பா காதையே கெடுத்தவளுக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய் என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள்.

அப்பா பேர் வேலாயுதம். ராஜபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பொறுமையான டிரைவர் என்று பேர். பிள்ளைகள் பஸ்ஸே அதிர்கிற மாதிரி கத்தும், பாட்டுப் பாடும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மற்ற டிரைவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் சொல்வார்கள். "வேலாயுதம் அண்ணனைப் பாருங்கய்யா, என்னைக்காவது ஒரு பிள்ளையை அதட்டியிருக்காரா?"

அவருக்கு இடது காது கேட்காது அக்கா. கொஞ்சம்கூடக் கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கழுத்தெல்லாம் வீங்கினபோது போனது. நம் ஊரில் டிரைவர் சீட் வலது பக்கம். ரோடு, ஹாரன், ஓவர்டேக் பண்ணுகிற லாரி எல்லாம் வலது காதுக்கு. பிள்ளைகள் மொத்தமும் இடது காதுக்கு. அதுதான் அந்தப் பொறுமை.

சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

நானும் அதே பஸ்ஸில்தான் போய் வந்தேன். அப்பாவுக்கு இடது பக்கம், இன்ஜின் பானட்டை ஒட்டின முதல் சீட் எனக்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே வருவேன். அவரும் ரோட்டைப் பார்த்தபடி தலையாட்டுவார். எட்டாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. நானாகவே கண்டுபிடித்தேன். கேட்டதும் மறைக்கவில்லை அவர். "வெளிய சொல்லிராத பாப்பா, பஸ்ஸைப் பிடுங்கிருவாங்க" என்றார். அன்றிலிருந்து சொல்லவில்லை. இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன், உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது.

வருஷா வருஷம் பள்ளிக்கூட டிரைவர்களுக்குக் கண்ணும் காதும் பார்ப்பார்கள். அப்பா ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்பார்கள். சத்தம் கொடுக்கிறவர் பொத்தானை அழுத்துவாரில்லையா, அப்போது அவர் தோளோ முழங்கையோ கொஞ்சம் அசையும். நேராகப் பார்க்க முடியாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் நிழல் தெரியும். அப்பாவுக்கு அது போதும். "எல்லாத்துக்கும் விரலைத் தூக்கினா மாட்டிக்குவோம் பாப்பா. நடுவுல ரெண்டு மூணை விட்றணும். அப்பத்தான் நம்புவாங்க." வேறு எதையும் அவர் இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நல்ல மனிதர் அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்லை அவர் ஓட்டி.

அப்புறம்தான் முகம் துடிக்க ஆரம்பித்தது. அதுவும் இடது பக்கம். முதலில் பிள்ளைகள் அவரை மாதிரியே கண்ணடித்து விளையாடினார்கள். அப்புறம் ஒரு ஸ்டாப்பில் பிள்ளையை ஏற்றிவிட வந்த அம்மா ஒருத்தர், டிரைவர் கண்ணடிக்கிறார் என்று புகார் கொடுத்தார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்து கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, "இது வியாதின்னு எனக்குத் தெரியுது வேலாயுதம், ஊருக்குத் தெரியணுமே. சரிபண்ணிட்டு வாங்க, பஸ் உங்களுக்குத்தான்" என்றார். இன்ஷூரன்ஸும் பள்ளிக்கூடமே போட்டிருந்தது. அதனால் இங்கே என்ன எழுதினாலும் அங்கே ஒரு பிரதி போகும். அப்பா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தார்.

உங்களுக்கும் டாக்டர் சொல்லியிருப்பார். காதுக்குப் பின்னால் உள்ளே ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பில் உரசுகிறது. மண்டையில் சின்னதாகத் திறந்து, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துப் பிரித்துவிட்டால் துடிப்பு நின்றுவிடும். ஆனால் காது நரம்பு ஒட்டியே போகிறது. அதைத் தெரியாமல் இழுத்துவிட்டால் காது போய்விடலாம். அதற்குத்தான் பெனிட்டா. என் வயதுதான் அவளுக்கு, அதனால் அவள் இவள் என்று சொல்கிறேன், மரியாதைக் குறைவு இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் காதைச் சோதித்தது அவள்தான். அப்பா பதற்றமாக இருக்கிறார் என்று என்னையும் உள்ளே உட்காரச் சொன்னாள். அப்பா கண்ணாடிக் கூண்டுக்குள்ளே, அவள் வெளியே மிஷின் முன்னால். அவள் கை தெரியக் கூடாது என்று அவரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உட்காரவைத்தாள். முறை தெரிந்தவள். ஆனால் கூண்டுக் கதவின் கண்ணாடியில் அவள் முழங்கை விழுந்தது. அப்பாவின் கண் அங்கேதான் இருந்தது. அவள் அழுத்த அழுத்த இவர் விரலைத் தூக்கினார். நடுவில் ரெண்டு மூன்றை விட்டார். அவள் அவசரப்படவில்லை, இன்னொரு தடவையும் எடுத்தாள். இன்னொரு தடவையும் அவர் அப்படியே செய்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு காதும் பிரமாதமா இருக்குங்கய்யா, இந்த வயசுல இப்படிப் பார்க்கிறது அபூர்வம்" என்றாள். அப்பாவுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். வெளியே வந்ததும், "எதுக்குப்பா இங்கயும்?" என்று கேட்டேன். "காகிதம் ஸ்கூலுக்குப் போகும்ல. இவங்க முகத்துக்குத்தானே வைத்தியம் பண்றாங்க, காதுக்கா பண்றாங்க?" என்றார். எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் வார்டுக்கு வந்து எல்லாம் விளக்கினாள். காதுக்குள் சின்ன ரப்பர் வைத்து டிக் டிக் டிக் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம். ஆள் மயக்கத்தில் இருந்தாலும் காது அதைக் கேட்டு மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். தலையில் ஒட்டின ஒயர் வழியாக அது திரையில் மேடு மேடாக வரும். ஐந்தாவது மேடுதான் முக்கியம். அது தள்ளிப்போனாலோ குட்டையானாலோ உடனே இவள் சொல்ல வேண்டும், டாக்டர் கையை எடுத்துவிடுவார். "இதுல நீங்க விரலைத் தூக்க வேண்டியதே இல்லைங்கய்யா. நீங்க நல்லாத் தூங்குங்க. உங்க காதே எனக்குப் பதில் சொல்லிரும்" என்று சிரித்தாள்.

அப்பா முகம் அப்போது துடித்த துடிப்பை நான் பார்த்தேன். அவள் நோய் என்று நினைத்திருப்பாள்.

அவள் போனதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. சொல்வதாக இருந்தால் அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். பாப்பா சொல்லிவிட மாட்டாள் என்று அவர் இருந்திருப்பார்.

உள்ளே கொண்டுபோன பிறகு நானும் மாமாவும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி, குருசாமி. தங்கமான ஆள், ஆனால் சத்தம் அதிகம். அவருக்கு அப்பா காது விஷயம் தெரியாது. அம்மா தன் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பெனிட்டா வந்தாள். பச்சை உடுப்பு, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள் அக்கா. மாமாவிடம் இல்லை, என்னிடம்.

"அப்பாவுக்கு இடது காதுல முன்னாடி எப்பவாவது பிரச்சனை இருந்திருக்கா? வலது காதுக்கு மேடு நல்லா வருது. இடது காதுக்கு ஒண்ணுமே வரல. ஒயரை மாத்திப் பார்த்துட்டேன், காதுல வைக்கிறதையும் மாத்திப் பார்த்துட்டேன். இன்னும் கத்தியே வைக்கல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை. "ஆமாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மாமா எழுந்துவிட்டார். "எங்க மச்சானுக்கா? வீட்டுக்குள்ள ரூபா நோட்டு விழுந்தாக்கூடத் தெருவுல நின்னு கேட்டுக்குவாரு. உங்க மிஷினைப் பாரும்மா முதல்ல." அவள் மாமாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசிப் பழக்கமில்லை எனக்கு. வளர்ந்த விதம் அப்படி.

அப்புறம் நர்ஸ் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். பெரிய டாக்டர் அவளைக் கடிந்துகொண்டாராம். "நேத்து நீயே எடுத்த ரிப்போர்ட்ல காது நல்லா இருக்கு. இன்னைக்கு மேடு வரலைன்னா காது என்ன ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போச்சா? உன் கனெக்‌ஷன் சரியில்ல." ஆளை எவ்வளவு நேரம்தான் மயக்கத்திலேயே வைத்திருப்பது? வேண்டாம், தள்ளிவைப்போம் என்று அவள் சொன்னாளாம். இவளுக்கும் சத்தமாகப் பேச வராது. அவர் கத்தியை எடுத்துவிட்டார். இடது காதுக்கு ஒரு மேடுமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாளாம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். கட்டோடு கண்ணாடி பார்த்தார் அப்பா. துடிப்பு இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு அவர் முகம் ஒரு இடத்தில் நின்றதைப் பார்த்தேன். அவரால் நம்ப முடியவில்லை, விரலால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மறுபடி காது டெஸ்ட். அதே கூண்டு, அதே ஸ்டூலில் நான். வாசலில் மாமா. பெனிட்டா இடது காதுக்குப் பொத்தானை அழுத்தினாள். அப்பா கதவுக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் சத்தத்தைக் கூட்டினாள். கூட்டிக்கொண்டே போனாள். அவர் அசையவில்லை. டிரைவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அக்கா, எங்கள் அப்பா ஒரு டெஸ்ட்டை ஒழுங்காகக் கொடுத்தார்.

"ஒண்ணும் கேக்கலைம்மா" என்றார்.

மாமா சத்தம் போட்ட போடில் வார்டே கூடிவிட்டது. நல்ல காதோடு வந்த மனுஷன், காதைப் பார்க்கிறதுக்கென்றே ஒரு ஆளை உட்காரவைத்து, இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்றார். பெனிட்டா அப்பாவிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "விடும்மா. முகம் சரியாச்சே. ஒரு காதுதானே. நீ சின்னப் பொண்ணு, தெரிஞ்சா பண்ணியிருப்ப?"

அவளை அவர் மன்னித்தார் அக்கா. அங்கே நின்ற எல்லோரும் என்ன மனுஷன் என்று கும்பிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பேர் போய்விட்டது. ஆபரேஷனில் காது போயும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாதவர் என்று. பஸ் ஓட்ட முடியாது என்பதால் பஸ் ஷெட்டுக்கு மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். நாற்காலி, மின்விசிறி. இப்போது யார் இடது பக்கம் நின்று பேசினாலும், "இந்தப் பக்கம் வாங்க, அந்தக் காது ஆபரேஷன்ல போச்சு" என்கிறார். சுதந்திரமாகச் சொல்கிறார். இத்தனை வருஷம் ஒளித்ததை இப்போது ஊருக்கே சொல்லிக்கொள்ளலாம். அவர் இவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பெனிட்டாவை அன்றைக்கே தியேட்டரிலிருந்து விலக்கிவிட்டார்கள். மாமா எழுதிக் கொடுத்த புகாருக்கு இன்றைக்கு விசாரணை. வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஆள் வந்திருக்கிறார். அவளும் உள்ளேதான் இருக்கிறாள். தப்பு அவள்மேல் என்று முடிவானால் இங்கே மட்டுமில்லை, எங்கேயும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று நர்ஸ் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பா சமாச்சாரம், உனக்கெதுக்கு?" என்றாள். நான் அம்மா மாதிரி இல்லை. எனக்கு மனசு உறுத்துகிறது. அந்த வீட்டில் உறுத்துகிறது எனக்கு ஒருத்திக்குத்தான்.

அதனால்தான் ஒரு பதில் யோசித்து வைத்திருக்கிறேன். முதல் டெஸ்ட் எடுக்கும்போது கூட இருந்தது நான் ஒருத்திதான், அதனால் என்னையும் கூப்பிடப் போகிறார்கள். பெனிட்டா டெஸ்ட்டை ஒழுங்காக எடுத்தாளா என்று கேட்பார்கள். ஒழுங்காக எடுத்தாள் என்று சொல்வேன். பொறுமையாக, ரெண்டு தடவை, அவரைத் திருப்பி உட்காரவைத்து எடுத்தாள் என்று சொல்வேன். இதில் பொய் ஒன்றுகூட இல்லை பாருங்கள். அவளுக்கும் ஒரு நல்ல வார்த்தை ஆயிற்று, அப்பாவுக்கும் பாதகமில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள். திரும்பச் சொல்லுங்கள், மெதுவாக.

டெஸ்ட் ஒழுங்காக எடுத்தாள் என்றால், அன்றைக்குக் காது நன்றாக இருந்தது என்று ஆகிறது. காது நன்றாக இருந்ததென்றால், அது போனது தியேட்டரில். தியேட்டரில் போனதென்றால், கவனிக்கத் தவறியது அவள்.

ஆமாம்.

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லப்போகிற வார்த்தைதான் அவளை முடித்துவிடும். ஆமாம் அக்கா. இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு அறைக்குள் யார் முழங்கை எங்கே தெரிகிறது என்பதுவரை பார்க்கிறவள் நான். எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது? தோன்றியிருக்கும். தோன்றி, தள்ளிவைத்திருப்பேன்.

அப்படியானால் அந்த டெஸ்ட்டே தப்பு என்றல்லவா சொல்ல வேண்டும். தப்பாக்கினது அவளில்லை, எங்கள் அப்பா என்று. அதுவும் அவர் முன்னாலேயே. ஷெட்டு வேலை போகும். பேர் போகும். இத்தனை வருஷம் பிள்ளைகளை ஏற்றி ஓட்டினாயே என்று கேட்பார்கள். அந்தத் தெருவில் நாங்கள் இருக்க வேண்டும் அக்கா. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வெளியே சொல்லாதே என்று. வேறு எதுவும் கேட்டதில்லை.

ஒன்று செய்யலாமா? நீங்கள் வந்து சொல்லிவிடுகிறீர்களா? தப்பாக நினைக்காதீர்கள். காலையில் கவுண்டரில் வரிசையைத் தாண்டி வந்த ஆளை நீங்கள் கேட்ட கேள்வியைப் பார்த்தேன். உங்களுக்குப் பேச வருகிறது. உங்களுக்கு அவர் அப்பா இல்லை, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்களிடம் சொன்னதும்கூட அதனால்தானோ என்னமோ. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உங்கள் பக்கத்தில் வந்துதானே உட்கார்ந்தேன்.

முடியாதா.

சரி. முடியாதுதான். பார்த்தது நான்.

உங்கள் வீட்டுக்காரருக்குக் காது எப்படி என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அதுமட்டும் போதும் அவளுக்கு. மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள், அவளை விட்டுவைத்தால்.

கூப்பிடுகிறார்கள். என் பேர்தான், சுகன்யா. அதோ நர்ஸ் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமா தெரிகிறார். ஓரத்தில், அந்த நீலச் சுடிதார், அவள்தான். நடுவில் அப்பா. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பாருங்கள். எவ்வளவு அமைதியாக இருக்கிறது அந்த முகம்.

கையை விடாதீர்கள் அக்கா. கதவு வரைக்குமாவது.